சின்ன ஸ்டார்ட்அப்பில் ஏன் இவ்வளவு வேலை? புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு விளக்கம்

பதினைந்து பேர் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப்பிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் சென்னையில் பெருங்குடியிலோ தரமணியிலோ ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பாதி. வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில். பெரிய ஐடி கம்பெனி ஃபிரெஷருக்குக் கொடுப்பதைவிடச் சம்பளம் கூடுதல், அதோடு ஈசாப் (ஊழியர்களுக்குக் கம்பெனியின் பங்கைத் தரும் திட்டம்) என்று ஒரு வரி. "வொர்க் கொஞ்சம் ஹெவியா இருக்கும், ஓகேதானே?" என்று இன்டர்வியூவில் கேட்டிருப்பார்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். எவ்வளவு ஹெவி, எதனால் ஹெவி, எத்தனை மாதத்துக்கு ஹெவி என்று அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வேலைப் பளுவுக்கு ஃபவுண்டரின் குணம்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். குணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கம்பெனியின் வங்கிக் கணக்கை. அங்கே நடக்கும் ஒரு வகுத்தல் கணக்கு புரிந்துவிட்டால், உங்கள் மேசைக்கு வந்து சேரும் அவசரத்தில் பாதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

ரன்வே: கையில் இருக்கும் மாதங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. கம்பெனி முதலீட்டாளர்களிடம் வாங்கி வைத்திருக்கும் பணம் 4 கோடி ரூபாய். மாதச் செலவு: சம்பளம் 18 லட்சம், சர்வர் வாடகை 3 லட்சம், ஆபீஸ் 2 லட்சம், விளம்பரமும் மற்றவையும் 5 லட்சம். மொத்தம் 28 லட்சம். வாடிக்கையாளர்களிடமிருந்து மாதம் 8 லட்சம் வருகிறது. ஆக, ஒவ்வொரு மாதமும் கையிலிருந்து கரைவது 20 லட்சம். இந்தக் கரைசலுக்குத்தான் பர்ன் என்று பெயர். 4 கோடியை 20 லட்சத்தால் வகுத்தால் 20 மாதம். அதுதான் ரன்வே. ஓடுதளம் முடிவதற்குள் விமானம் மேலே எழும்பியாக வேண்டும் என்ற பொருளில் வந்த பெயர்.

20 மாதம் என்றால் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அடுத்த சுற்று முதலீடு வாங்குவதற்குப் பேச்சுவார்த்தை, கணக்கு சரிபார்ப்பு, ஒப்பந்தம் என்று 4 முதல் 6 மாதம் ஓடிவிடும். பணம் தீரப்போகிற நிலையில் போய்க் கேட்டால் முதலீட்டாளர் விலையைக் குறைப்பார். அதனால் கையில் 8 மாதப் பணம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். மிஞ்சுவது 12 மாதம். அந்த 12 மாதத்தில் மாத வருமானம் 8 லட்சத்திலிருந்து 24 லட்சமாக, மூன்று மடங்காக வேண்டும் என்று முதலீட்டாளர் எதிர்பார்ப்பதாக வைத்தால், ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 9.6% வளர வேண்டும். ஒரு மாதம் தூங்கினால் அடுத்த மாதம் சுமார் 20% வளர்ந்தால்தான் ஈடுகட்ட முடியும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஃபவுண்டர் முகம் இறுகியிருந்தால் பெரும்பாலும் இந்த எண்தான் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

"வேலை அதிகம் என்றால் இன்னும் நாலு பேரை எடுக்கலாமே?" நியாயமான கேள்வி. கம்பெனிக்கு ஒருவருக்கு மாதம் 1.2 லட்சம் செலவு என்று வைத்து ஐந்து பேரை எடுத்தால் பர்ன் 26 லட்சமாகும். ரன்வே 20 மாதத்திலிருந்து 15 மாதச் சொச்சத்துக்கு இறங்கும். பேச்சுவார்த்தைக்கான 8 மாதத்தைக் கழித்தால், வேலை செய்யக் கிடைப்பது 12 மாதத்துக்குப் பதில் 7 மாதம். அந்த ஐந்து பேருக்கும் வேலை பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், கற்றுக்கொடுப்பதும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவர்கள்தான். ஆள் கூடக் கூடப் பேச்சும் கூடும். 5 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசும் இணைப்புகள் 10. 15 பேரானால் 105. ஆள் மூன்று மடங்கானால் இணைப்பு பத்து மடங்குக்கு மேல். அதனால்தான் "இப்போதைக்கு நாமே பார்த்துக்கலாம்" என்ற பதில் வருகிறது. அதில் கஞ்சத்தனமும் இருக்கலாம், ஆனால் கணக்கும் இருக்கிறது.

முதலீடு வாங்காமல், வரும் வருமானத்திலேயே வளரும் கம்பெனிகளில் இந்தக் கடிகாரம் வேறு மாதிரி ஓடும். 1996இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஸோஹோ அப்படி வளர்ந்தது. அங்கே வேலை குறைவு என்று அர்த்தமில்லை. ஆனால் பணம் தீரும் தேதி என்று ஒன்று எல்லார் தலைக்கு மேலும் தொங்குவதில்லை. ஆகவே சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், கம்பெனி யார் பணத்தில் ஓடுகிறது, இன்னும் எத்தனை மாதத்துக்கு ஓடும் என்பது.

கடிகாரத்தில் இருக்கும் இன்னொரு காரணம்

சென்னையிலும் கோவையிலும் இருக்கும் பல சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள் அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்கின்றன. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடைக் காலத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. சான்ஃபிரான்சிஸ்கோவில் காலை 9 என்றால் இங்கே இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது உங்கள் இரவுச் சாப்பாட்டு நேரமும் ஒரு மணி நேரம் நகரும்.

இதன் விளைவைப் பாருங்கள். காலை 10 மணிக்கு டீமின் ஸ்டாண்டப், அதாவது தினசரிச் சின்னக் கூட்டம். இரவு 9.30க்கு வாடிக்கையாளரோடு போன் கால், முடிய 10.30. நடுவில் நீங்கள் உண்மையில் வேலை செய்தது 9 மணி நேரமாகக்கூட இருக்கலாம். ஆனால் நாள் பன்னிரண்டரை மணி நேரம் நீண்டுவிட்டது. மாலை 6 மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினால் கால் நேரத்தில் ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நிற்பீர்கள், அதனால் கிளம்பவும் முடியாது. இதைச் சரிசெய்வது எளிது: வாரத்தில் இரண்டு நாளை மட்டும் போன் கால் நாளாக வைத்து, அந்த நாட்களில் கால் உள்ளவர்கள் மதியம் 2 மணிக்கு மேல் வேலையைத் தொடங்குவது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நிலையான நேரத்துக்கு ஒத்துக்கொள்வார்கள். கேட்டுப் பார்க்காமலேயே ஐந்து இரவையும் திறந்து வைத்திருக்கும் கம்பெனிகள்தான் அதிகம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை

வேலை எப்படி இரவுக்குள் வழிந்து ஓடுகிறது என்பதை ஓர் உதாரணத்தில் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை 6.30. பில் பட்டியலைத் தேடும் பக்கம் மெதுவாக இருக்கிறது என்று ஒரு பெரிய வாடிக்கையாளர் இரண்டு வாரமாகப் புகார் சொல்கிறார். இந்த வாரமே முடித்துத் தருவதாக ஃபவுண்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு ஜூனியர் அதற்காக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், தேடலை வேகமாக்கும் புதிய இன்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்து, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் லைவ் சர்வரில் ஏற்றுகிறார். அவருடைய லேப்டாப்பில் அந்த அட்டவணையில் இருந்தது 2,000 வரி. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. லைவ் சர்வரில் இருப்பது 4 கோடி வரி. சாதாரண முறையில் இன்டெக்ஸ் கட்டும்போது, கட்டி முடியும்வரை அந்த அட்டவணையில் புதிதாக எதையும் எழுதவிடாமல் போஸ்ட்கிரெஸ் பூட்டிவைக்கும். நியூயார்க்கில் அப்போதுதான் காலை 9 மணி, வாடிக்கையாளர்கள் வரிசையாக உள்ளே வந்து பில் போடத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு பில்லும் பூட்டின் முன் வரிசையில் நிற்கிறது. சில நிமிடங்களில் டேட்டாபேஸின் இணைப்புகள் எல்லாம் தீர்ந்து, பில்லோடு சம்பந்தமே இல்லாத பக்கங்களும் திறக்காமல் போகின்றன. 6.45க்கு எல்லார் போனும் அலற ஆரம்பிக்கும்.

சீனியர் ஒருவர் பைக்கை ஓரங்கட்டி, லேப்டாப்பைத் திறந்து, அந்த வேலையை நிறுத்துகிறார். தளம் 7.20க்குத் திரும்ப வருகிறது. பாதியில் நின்ற பில்களைத் தேடிச் சரிசெய்ய இரவு 1 மணி ஆகிறது. சனிக்கிழமை காலை வாடிக்கையாளர்களுக்கு விளக்கக் கடிதம். மூன்று பேருக்கு ஒன்றரை நாள் போயிற்று.

குரூப்பில் "செம டெடிகேஷன் ப்ரோ" என்று பாராட்டு வரும். பாராட்டு தவறில்லை. ஆனால் அந்த இரவு தேவைப்பட்டதா என்பதுதான் கேள்வி. எழுதுவதைத் தடுக்காமல் இன்டெக்ஸ் கட்டும் வழி போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது, கட்டளையில் கூடுதலாக ஒரே ஒரு சொல். அதையே செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குச் செய்திருந்தால் நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டி 1.30, தளத்தில் ஆளே இருந்திருக்க மாட்டார்கள். லைவ் சர்வரில் எதையும் ஏற்றுவதற்கு முன் இன்னொருவர் பார்க்க வேண்டும், மதியம் 3 மணிக்கு மேல் ஏற்றக் கூடாது, வெள்ளிக்கிழமை ஏற்றவே கூடாது என்ற மூன்று விதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் இந்த இரவு வந்திருக்காது. சின்ன ஸ்டார்ட்அப்களில் விழித்திருக்கும் இரவுகளில் கணிசமானவை இந்த வகைதான். இரவைக் காப்பாற்றியவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. இரவே வராமல் பார்த்துக்கொண்டவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. இப்படியே இரண்டு வருடம் போனால் டீமில் எல்லாரும் தீயணைப்பவர்களாகிவிடுவார்கள், கம்பிகளைச் சரியாக இழுத்துவைக்க ஆள் இருக்காது.

மணிநேரத்தைப் பிரித்துப் பார்த்தல்

வாரம் 64 மணி நேரம் வேலை செய்தேன் என்று சொல்வதில் தகவல் எதுவும் இல்லை. அந்த 64இல் எது எதற்குப் போனது என்பதுதான் தகவல். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம், பக்கத்தில் ஓர் எழுத்து: திட்டமிட்ட வேலைக்கு "தி", பழுது பார்த்ததற்கு "ப", முடித்ததையே மாற்றிச் செய்ததற்கு "மா", யாருடைய பதிலுக்காகவோ காத்திருந்ததற்கு "கா", கூட்டத்துக்கு "கூ". நாள் முடிவில் எழுதினால் மறந்துபோகும், வேலை மாறும்போதே எழுத வேண்டும். ஒரு வாரம் இப்படி வந்தது என்று வையுங்கள்: திட்டமிட்டது 34, பழுது 7, மாற்றிச் செய்தது 11, காத்திருப்பு 8, கூட்டம் 4. மாற்றிச் செய்ததும் காத்திருந்ததும் மட்டும் 19 மணி நேரம். அவை இல்லாவிட்டால் அதே வேலை 45 மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

மாற்றிச் செய்வது ஏன் வருகிறது? முடிவு வாய்மொழியாகவே நிற்பதால். ஃபவுண்டர் காபி மிஷின் பக்கத்தில் ஒன்று சொல்வார், வாடிக்கையாளர் போனில் இன்னொன்று சொல்வார், நீங்கள் மூன்றாவதைப் புரிந்துகொள்வீர்கள். மருந்து அரைப் பக்கம்: என்ன செய்யப்போகிறோம், யாருக்காக, எதை இப்போது செய்யப்போவதில்லை, எது நடந்தால் முடிந்ததாக அர்த்தம். வேலையைத் தொடங்கும் முன் ஃபவுண்டர் அதைப் படித்துச் சரி சொல்ல வேண்டும். பிறகு மாற்றலாம், தாராளமாக. ஆனால் மாற்றும் அன்றே முடிக்கும் தேதியையும் மாற்ற வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கூட இதைச் செய்ய முடியும். "நான் புரிஞ்சுக்கிட்டதை எழுதியிருக்கேன், ஒரு தடவை பார்த்துடுங்க" என்று அனுப்பினால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

காத்திருப்பு பெரும்பாலும் ஒரே ஆளிடம் போய் நிற்கும். சர்வர் பாஸ்வேர்டு அவரிடம், எழுதிய புரோகிராமை அனுமதிப்பதும் அவர், விலை சொல்வதும் அவர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கே காய்ச்சல். அவர் செய்வதை இரண்டாவது ஆள் ஒருவர் செய்யும் அளவுக்கு எழுதிவைப்பது முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை, யாருக்கும் நேரமில்லை என்று கடைசிவரை தள்ளிப்போகும் வேலையும் அதுதான்.

இரவுப் பழுதுக்கு முறை வைப்பதை ஆன்-கால் என்கிறார்கள். ஒரே ஊரில் இருக்கும் குழுவுக்கு வார முறை வைக்கக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்பது கூகுளின் சர்வர் பராமரிப்புப் பொறியாளர்கள் வகுத்த கணக்கு. நான்கு பேர் டீமுக்கு அது கட்டுப்படியாகாது. அப்படியானால் அலாரத்தைக் குறைப்பதுதான் வழி. பணம் கட்டும் பக்கம் நின்றாலோ, லாகின் நின்றாலோ மட்டும் போன் அடிக்கட்டும். மற்றது காலை வரை காத்திருக்கலாம். மூன்று முறை அடித்தும் யாரும் எதையும் செய்யத் தேவைப்படாத அலாரத்தை நீக்கிவிட வேண்டும். இரவு எழுந்தவர் மறுநாள் மதியம் வந்தால் போதும் என்பதை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூச்சத்தில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.

இரவு 11.40க்கு வரும் ஃபவுண்டரின் மெசேஜ் தனிப் பிரச்சினை. அவருக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கிறது, மறந்துவிடுவோம் என்று அனுப்புகிறார், உடனே பதில் வேண்டும் என்று நினைத்திருக்கவே மாட்டார். வாங்குபவருக்கு அது கட்டளை. அவசரம் என்றால் போன் செய்வேன், மெசேஜ் என்றால் காலையில் பார்த்தால் போதும் என்று ஒரே ஒரு முறை அவர் டீமிடம் சொல்லிவிட்டால் போதும், பத்துப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

உடம்பு எவ்வளவு தாங்கும்

சீன டெக் கம்பெனிகளில் 996 என்றொரு வழக்கம் பரவியது: காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள், மொத்தம் 72 மணி நேரம். 2019இல் அங்கே புரோகிராமர்களே இணையத்தில் அதற்கு எதிராகத் திரண்டார்கள். அலிபாபாவின் ஜாக் மா அந்த வழக்கத்தை ஆதரித்துப் பேசினார். 2021 ஆகஸ்டில் சீனாவின் உச்ச மக்கள் நீதிமன்றமும் தொழிலாளர் அமைச்சகமும் அது சட்டவிரோதம் என்று தெளிவுபடுத்தின. இந்தியாவில் 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து அந்த எண் எல்லார் வாயிலும் இருக்கிறது.

70 மணி நேரம் உழைத்தால் 70 மணி நேர வேலை கிடைக்குமா? ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்கவெல் முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். வாரம் 49 மணி நேரம் வரை நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் கிடைத்தது குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்தது 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்ததைவிட அதிகமாக இல்லை. அது இயந்திர வேலை. புரோகிராம் எழுதுவதில் நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது, ஏனென்றால் களைப்பில் எழுதிய ஒரு வரி அடுத்த வாரம் மூன்று பேர் நேரத்தைத் தின்னும்.

உடல்நலக் கணக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமும் அதற்கு மேலும் செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35% அதிகம், இதயநோயால் இறக்கும் அபாயம் 17% அதிகம். இதை ஒரு மாத அவசரத்துக்குப் பொருத்திப் பயப்பட வேண்டாம். வருடக்கணக்கில் நீடிப்பதுதான் ஆபத்து.

பர்ன்அவுட் என்ற சொல்லை இப்போது எதற்கும் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதற்கு மூன்று அடையாளம்: ஆற்றல் வற்றிப்போதல், வேலை மீது வெறுப்போ விலகலோ வருதல், செய்யும் வேலையின் தரம் இறங்குவது. முதலாவது மட்டும் இருந்தால் தூக்கமும் நாலு நாள் லீவும் உதவும். முன்பு பிடித்த வேலையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, சாதாரணத் தவறுகள் தொடர்கின்றன என்றால் நாலு நாள் போதாது. வேலையின் அளவே மாற வேண்டும்.

ஈசாப்: இனிமேல் வரும் பணம்

இவ்வளவு உழைப்புக்கும் ஈடாகக் காட்டப்படுவது ஈசாப். சென்னையில் 2010இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது இந்தியாவில் அதன் ஊழியர்களில் 500க்கு மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்களானார்கள். உண்மையான கதை. அதற்குப் பதினோரு வருடம் ஆனது என்பதும் கதையின் பாதி.

உங்கள் லெட்டரில் 4,000 ஆப்ஷன், எக்ஸர்சைஸ் விலை 10 ரூபாய், 4 வருட வெஸ்டிங், 1 வருட கிளிஃப் என்று இருக்கிறது. எச்.ஆர். "இதோட மதிப்பு 20 லட்சம்" என்கிறார். கடைசிச் சுற்றில் முதலீட்டாளர் ஒரு பங்கை 500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார், அதை 4,000ஆல் பெருக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆப்ஷன் என்பது பங்கு இல்லை. பின்னாளில் 10 ரூபாய் கொடுத்து ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. அந்த உரிமையும் நாள்பட்டுத்தான் கைக்கு வரும், அதற்குப் பெயர்தான் வெஸ்டிங். கிளிஃப் என்றால் முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது. இந்தியச் சட்டப்படியே ஆப்ஷன் கொடுத்ததற்கும் கைக்கு வருவதற்கும் இடையே குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும். 11வது மாதம் விலகினால் பூஜ்யம். 12 மாதம் முடிந்தால் 1,000. அதன்பின் மாதாமாதம் 83 சொச்சம். இரண்டு வருடத்தில் 2,000.

இரண்டு வருடத்தில் விலகி அந்த 2,000ஐ வாங்கிக்கொள்ள நினைக்கிறீர்கள். 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அன்றைய மதிப்பீட்டில் சாதாரணப் பங்கு 300 ரூபாய் என்றால், பங்குக்கு 290 வீதம் 5.8 லட்சம் உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரி போடப்படும். 30% அடுக்கில் இருந்தால் செஸ்ஸோடு சுமார் 1.81 லட்சம். ஆக 2 லட்சம் கையிலிருந்து போகும், கிடைப்பது எங்கேயும் விற்க முடியாத பங்கு. தகுதி பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைத் தள்ளிப்போட 2020 முதல் வழி இருக்கிறது. ஆனால் வேலையை விட்டால் அந்தச் சலுகையும் முடிந்துவிடும்.

இன்னொரு பள்ளம்: கம்பெனி மொத்தமாக 12 கோடி முதலீடு வாங்கியிருந்து, கடைசியில் 10 கோடிக்கு விற்கப்பட்டால், போட்ட பணம் முதலில் திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தப்படி மொத்தமும் முதலீட்டாளர்களுக்கே போகும். ஊழியர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் ஈசாப் பற்றிக் கேட்க வேண்டியது மூன்று. எல்லா ஆப்ஷன்களையும் சேர்த்துக் கம்பெனியின் மொத்தப் பங்குகள் எத்தனை? 10 லட்சம் என்றால் உங்கள் பங்கு 0.4%, 40 லட்சம் என்றால் 0.1%. எண்ணிக்கையை மட்டும் சொல்லி மொத்தத்தை மறைத்தால் அது தகவலே இல்லை. விலகினால் வாங்கிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம்? 90 நாள் என்பது பரவலாக இருக்கிறது, சில கம்பெனிகள் பல வருடம் தருகின்றன. இதுவரை ஊழியர்களின் ஆப்ஷனைக் கம்பெனி பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறதா? மாதச் சம்பளத்தைக் குறைத்து ஈசாப்பைக் கூட்டித் தருகிறேன் என்றால், அந்த ஈசாப்பைப் பூஜ்யம் என்று வைத்துக் குடும்பச் செலவு நடக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

ஸ்டார்ட்அப் என்பதால் சட்டம் விலகி நிற்காது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒன்றரை வருட அனுபவம் உள்ளவருக்கும் லீட், மேனேஜர் என்று பட்டம் கொடுக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். சண்டை என்று வந்தால் பட்டத்தைவிட நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் முக்கியமாகும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் பொதுவாக நீக்க முடியாது என்பதும் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவில் இருக்கிறது.

பி.எஃப். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயம் என்பதால் பதினைந்து பேர் கம்பெனியில் இல்லாமலே இருக்கலாம். பிடித்தால், பிடித்தது அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் கட்டப்பட வேண்டும். யுஏஎன் என்ற உங்கள் பி.எஃப். எண்ணுக்குரிய பாஸ்புக்கை மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். பணம் தீரும் கம்பெனியில் முதலில் நிற்பது பெரும்பாலும் இதுதான், சம்பளம் தாமதமாவது அதற்குப் பிறகு.

போட்டிக் கம்பெனியில் இரண்டு வருடம் சேரக் கூடாது என்ற நிபந்தனை லெட்டரில் இருந்தால் கலங்க வேண்டாம். வேலையை விட்ட பிறகு அப்படித் தடுப்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ரகசியத் தகவலை எடுத்துப்போகக் கூடாது என்பது செல்லும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டால் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

"வொர்க்-லைஃப் பேலன்ஸ் எப்படி?" என்று கேட்டால் "நாங்க ஒரு ஃபேமிலி மாதிரி" என்றுதான் பதில் வரும். ஃபவுண்டரைப் பெயர் சொல்லியோ ப்ரோ என்றோ கூப்பிடும் ஆபீஸில் அந்த நெருக்கம் உண்மையாகவே இருக்கும். அதனாலேயே முடியாது என்று சொல்வதும் கடினமாக இருக்கும். நடந்ததைக் கேளுங்கள், கொள்கையைக் கேட்காதீர்கள். "கடைசியா ராத்திரி சைட் எப்போ டவுன் ஆச்சு? யார் பார்த்தாங்க? அவங்க மறுநாள் எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். "போன மாசம் எத்தனை சனிக்கிழமை டீம் வந்தது?" "இந்த டீம்ல போன வருஷம் எத்தனை பேர் விலகினாங்க?" "இப்போ இருக்கிற பணம் எத்தனை மாசம் வரும்?" கடைசிக் கேள்விக்குச் சரியான எண் சொல்லும் ஃபவுண்டர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நம்பி வேலை செய்யலாம். புன்னகைத்துப் பேச்சை மாற்றினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பெனியில் ஒன்றரை வருடம் இருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். உள்ளே இருப்பவர் சொல்ல முடியாததை அவர் சொல்வார்.

இவ்வளவையும் கேட்டு, பதில்கள் நேர்மையாக இருந்தால், இருபத்து மூன்று வயதில் அப்படியொரு இடத்தில் இரண்டு வருடம் வேலை செய்வது நல்ல முதலீடு. பெரிய கம்பெனியில் ஐந்து வருடத்திலும் தொட முடியாத வேலைகளை இங்கே முதல் வருடத்திலேயே தொடுவீர்கள்: வாடிக்கையாளரோடு நேரடிப் பேச்சு, லைவ் சர்வர், விலை நிர்ணயம், ஆள் எடுப்பது. ஆனால் மூத்தவர் ஒருவராவது உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்த யாருமில்லாத இடத்தில் உழைப்பு மட்டும்தான் கூடும்.

விலகும்போது

விலக முடிவுசெய்தால் முதலில் வெஸ்டிங் தேதியைப் பாருங்கள். கிளிஃப் முடிய மூன்று வாரம் இருக்கும்போது ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலத்தைத் தள்ளுபடி செய்து உடனே போகச் சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும். ராஜினாமா மெயிலில் கடைசி வேலை நாளைத் தேதியாக எழுதுங்கள். கம்பெனி மெயில் மூடப்படுவதற்கு முன் சம்பளச் சீட்டுகள், ஈசாப் ஒப்பந்தம், வெஸ்டிங் கணக்கு ஆகியவற்றைச் சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனியின் புரோகிராமையும் வாடிக்கையாளர் விவரத்தையும் தொடாதீர்கள். விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. ஃபுல் அண்ட் ஃபைனல், அதாவது கடைசிக் கணக்குத் தீர்ப்பு, 45 நாள் ஆகும் என்று சொல்லிப் பழகிய எச்.ஆருக்கு இதை மெயிலில் மரியாதையாக நினைவூட்டலாம். ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் கடைசி நாளன்றே கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கம்பெனி இருக்கலாம், அதில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமலும் போகலாம். ஆப்ஷனை வாங்கிக்கொள்ளும் கடைசித் தேதியை அன்றே போன் காலண்டரில் போட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே மணி அடிக்கும்படி வைத்துவிடுங்கள்.